அணில் தப்பியது, ஜன்னல் உடைந்தது

பென்சில்வேனியாவில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். வயது 34. அவருக்கு ஹெச்-1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த ஹெச்-4. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். கடந்த அக்டோபரில் அலுவலக நண்பர் ஒருவர் தன் அப்பாவின் பண்ணைக்கு அணில் வேட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார். "சொந்த நிலம், லைசென்ஸ் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி, தன்னுடைய .22 ரைஃபிளை (0.22 அங்குலக் குழல் கொண்டது) இவர் கையில் கொடுத்திருக்கிறார். காலை முழுக்க ஒன்றும் சிக்கவில்லை. பத்து மணி வாக்கில் ஓக் மரக் கிளை ஒன்றில் சாம்பல் அணில் ஒன்று வந்து உட்கார, இவர் சுட்டிருக்கிறார். கிளையின் பட்டை தெறித்தது, அணில் ஓடிவிட்டது. கால் மணி நேரத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவருடைய பால் கறக்கும் கொட்டகையின் ஜன்னல் உடைந்திருந்தது. உள்ளே அவர் மகள் மாட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருக்கிறாள். யாருக்கும் அடியில்லை.

நண்பர் இவரைப் பார்த்து "நீ வாயைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பண்ணைக்காரருக்கு 200 டாலர் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போது வாசகர் கேட்பது மூன்று. அணிலுக்கு .22 சரியா, பல சிறு ரவைகளைச் சேர்த்துச் சிதறவிடும் ஷாட்கன் சரியா? நல்ல ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) இருந்திருந்தால் இது நடந்திருக்காதல்லவா? நண்பர் தன் பெயரில் துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? கடைசியில் ஒரு வரி: "ஜன்னல் விஷயம் அன்றே முடிந்துவிட்டது. மிச்சத் தோட்டாப் பெட்டி மட்டும் என் கார் டிக்கியில் கிடக்கிறது. மனைவிதான் அணிலைப் போய் யாராவது சுடுவார்களா என்று இன்னும் திட்டுகிறாள்."

அன்புள்ள வாசகருக்கு,

மனைவி திட்டுவது என் வீட்டிலும் உண்டு. நான் இங்கே குடியேற்றச் சட்டம் பார்ப்பவன், இலை உதிரும் மாதங்களில் அணில் வேட்டைக்கும் போகிறவன். அதனால் உங்கள் துப்பாக்கிக் கேள்விகளுக்குக் கட்டாயம் பதில் சொல்வேன். ஆனால் கடிதத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. வழக்கறிஞரிடம் நேரில் சொல்வதற்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு, இப்படி ஆலோசனைப் பகுதிக்கு எழுதும் கடிதத்துக்குக் கிடையாது. உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி இதைப் பற்றி யாருக்கும் எழுதாதீர்கள். நண்பருக்கு வாட்ஸப்பில் கூட வேண்டாம்.

லைசென்ஸ் இல்லாமல் தொட்டது

அமெரிக்காவில் துப்பாக்கி எல்லாருக்கும் உரிமை என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 18-ஆம் தலைப்பின் 922-ஆம் பிரிவு அது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்தே மீறினால் 15 ஆண்டு வரை சிறை. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்கி வைப்பது மட்டும் அல்ல. நண்பரிடமிருந்து ஒரு காலைப் பொழுதுக்கு வாங்கிப் பிடித்ததும் அதில் அடங்கும்.

அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் முறையாகக் கொடுக்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. பென்சில்வேனியாவில் அங்கேயே வசிக்கும் வயது வந்தவருக்கு அந்த லைசென்ஸ் இருபது டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. முதல் முறை வாங்குபவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இருபது டாலரும் ஒரு வகுப்பும் உங்களுக்கும் ஒரு ஃபெடரல் குற்றத்துக்கும் நடுவில் நின்றிருக்கும்.

"சொந்த நிலம், லைசென்ஸ் வேண்டாம்" என்று நண்பர் சொன்னது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. விவசாயத்தையே பிழைப்பாகக் கொண்டு நிலத்தில் குடியிருப்பவருக்கும், அவரோடு அங்கேயே வசிக்கும் குடும்பத்தாருக்கும் மாநிலம் அந்தச் சலுகையைத் தருகிறது. அது நண்பரின் அப்பாவுக்குப் பொருந்தலாம். நகரத்தில் குடியிருக்கும் நண்பருக்கே பொருந்துமா என்பது சந்தேகம். விருந்தாளியாகப் போன உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பாருங்கள். மாநிலம் லைசென்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டாலும், ஃபெடரல் விலக்குக்கு உங்கள் கையில் லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டும். மாநிலச் சலுகை இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது.

"எனக்குச் சட்டம் தெரியாதே" என்பீர்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் ரெஹைஃப் வழக்கில் இதைத்தான் பேசியது. மாணவர் விசாவில் வந்தவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு அந்தஸ்தை இழந்த பிறகு, துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டிருக்கிறார். அவர் எந்தக் குடியேற்ற நிலையில் இருந்தார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கவனியுங்கள், நிலை தெரிய வேண்டும் என்றார்களே தவிர, சட்டம் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. நீங்கள் ஹெச்-1பியில் இருப்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

நண்பரும் தப்பவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் என்று தெரிந்து துப்பாக்கியைக் கொடுப்பதும் அதே பிரிவில் தனிக் குற்றம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு உங்கள் விசா என்னவென்று தெரியாமலா இருக்கும்? "வாயைத் திறக்காதே" என்றது உங்கள் மேல் உள்ள அக்கறையால் மட்டும்தானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தோட்டாப் பெட்டி. அக்டோபரில் நடந்தது நடந்துவிட்டது. ஆனால் டிக்கியில் கிடக்கும் பெட்டி இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும் விஷயம். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காகப் போலீஸ் நிறுத்தினால், அது சாதாரண டிக்கெட்டோடு போகாமல் வேறு கதையாகிவிடும். அதைக் குப்பையில் போடாதீர்கள், மனைவியிடம் கொடுக்காதீர்கள் (அவருக்கும் அதே தடைதான்), வேறு மாநிலத்துக்கு எடுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். குற்றவியலும் குடியேற்றமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். முதல் வேலையாகப் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர் சொல்வார்.

ஜன்னல் விஷயம் முடிந்துவிடவில்லை

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கொட்டகை ஜன்னலுக்காக ஃபெடரல் வழக்கறிஞர் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. என் கவலை வேறு. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கைதானீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று கேட்பதோடு விடுவதில்லை. கைதாகாமலே போயிருந்தாலும் எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா என்றும் கேட்கிறது. குடியுரிமைப் படிவத்திலும் அப்படி ஒரு கேள்வி உண்டு. அங்கே பொய் எழுதினால் சின்ன விஷயம் பெரிதாகும். உண்மையை எப்படி எழுதுவது, எழுதும் முன் யாரிடம் காட்டுவது என்பதற்கு இப்போதே வழி செய்துகொள்ள வேண்டும். இதுபோன்ற ஃபெடரல் குற்றங்களுக்கு வழக்குத் தொடர்வதற்கான பொதுவான கெடு ஐந்து ஆண்டு. உங்கள் கிரீன் கார்டு நேர்காணல் அதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். கெடு முடிந்தாலும் படிவத்தில் உள்ள கேள்வி அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாட்டை விட்டு அனுப்பக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். அதனால் வேட்டையைக் கண்காணிக்கும் மாநில கேம் கமிஷன் அதிகாரி யாராவது பின்னால் வந்து அபராதச் சீட்டு கொடுத்தால், "ஐம்பதோ நூறோ கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் அபராதத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் பார்த்த பிறகுதான் பணம். அதிகாரி கேள்வி கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், மற்றதற்கு "என் வழக்கறிஞரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. பேசாமல் இருக்கலாம், பொய் சொல்லத்தான் கூடாது.

பக்கத்துப் பண்ணைக்காரர் விஷயத்தில் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. 200 டாலரை வாங்கிக்கொண்டு போனவர் கோபம் தீர்ந்து போயிருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் மகள் குனிந்து நின்றதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் அதை அப்படிக் கடந்திருக்க மாட்டார். மற்றவர் உயிருக்கு ஆபத்தாகும்படி பொறுப்பில்லாமல் நடப்பது இந்த மாநிலத்தில் தனிக் குற்றம், அடிபட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மன்னிப்புக் கேட்க உங்களுக்கு ஆசை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் வழக்கறிஞர் மூலமாகச் செய்யுங்கள். பணம் கொடுத்ததற்கு ரசீதும், இனி இந்தச் சேதத்துக்காக ஒருவர் மேல் ஒருவர் கோரிக்கை எதுவும் இல்லை என்ற கையெழுத்தும் அப்போதுதான் கிடைக்கும். வாடகை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே தெரியாமல் செய்த சேதத்துக்கான பொறுப்பும் பெரும்பாலும் அதில் சேர்ந்திருக்கும்.

அப்புறம், நண்பர் பெயரில் துப்பாக்கி வாங்குவது. வேண்டவே வேண்டாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்றே இந்தத் துப்பாக்கி யாருக்காக என்பதுதான். 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கு இதற்காகவே உச்ச நீதிமன்றம் வரை போனது. வர்ஜினியாவில் இருந்த முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காகப் பென்சில்வேனியாவில் இருந்த உறவினருக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். இரண்டு பேருக்குமே சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதி இருந்தது. ஆனாலும் படிவத்தில் தனக்கு என்று எழுதியதற்கான தண்டனை நிலைத்தது. உங்களுக்கோ லைசென்ஸ் வரும் வரை தகுதியே இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு நீங்களே, உங்கள் பெயரில், லைசென்ஸ் நகலைக் காட்டி வாங்கலாம். காலாவதியான லைசென்ஸ் போதாது. அது முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அணிலுக்குப் பின்னால் என்ன இருந்தது

இனி வேட்டை. வீட்டிலிருந்து 150 கஜத்துக்கு அப்பால் நின்றுதான் சுட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குடியிருக்கும் கட்டடங்களைச் சுற்றி 150 கஜத்துக்குள் வேட்டையாடக் கூடாது என்பது பென்சில்வேனியா விதி, சரிதான். ஆனால் அது நீங்கள் நிற்கும் இடத்துக்கான விதி. தோட்டா அந்த எல்லையைப் பார்த்து நிற்காது. கொட்டகை சுமார் 400 கஜத்தில் இருந்ததை நீங்களே வரைபடத்தில் அளந்து எழுதியிருக்கிறீர்கள்.

.22 தோட்டா பார்க்கப் பொடிசு. சுண்டு விரல் நகத்தைவிட மெல்லிய ஈயத்துண்டு, எடை இரண்டரை கிராம் சுமார். சத்தமும் பட்டாசு போலத்தான். அதனால்தான் அதைச் சிறுவர் துப்பாக்கி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அது ஒன்றரை மைல் வரை, அதாவது கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர் போகக்கூடியது. அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் குழலை சுமார் 30 டிகிரி உயர்த்த வேண்டும். ஐம்பது அடி உயரக் கிளையில் இருக்கும் அணிலை முப்பது கஜத்தில் நின்று குறிபார்த்தால் வரும் கோணம் என்ன தெரியுமா? அதே சுமார் 30 டிகிரிதான்.

உங்கள் தோட்டா பட்டையில் பட்டுத் திசை மாறியிருக்கிறது. வட்ட முனை ஈயத் தோட்டா கடினமான கட்டை, உறைந்த மண், தண்ணீர் எதில் சாய்வாகப் பட்டாலும் இப்படித் தெறித்து ஓடும். பட்டையில் படாமல் அணிலைத் தவறவிட்டிருந்தால் அது கொட்டகையைத் தாண்டி, நீங்கள் பார்க்கவே முடியாத எங்கோ போய் விழுந்திருக்கும்.

அதனால் ஸ்கோப் பற்றிய உங்கள் கணக்குத் தவறு. நீங்கள் குறி தவறியதால் ஜன்னல் உடையவில்லை. அணிலுக்குப் பின்னால் வானம் இருக்கும்போது சுட்டதால் உடைந்தது. அணிலைச் சரியாக அடித்திருந்தாலும் தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருக்கும். .22 வைத்து அணில் வேட்டையாடுபவர்கள் அடிமரத்தோடு ஒட்டியிருக்கும் அணிலை, பின்னால் பருத்த கட்டையோ மேடோ இருக்கும்போது மட்டும் சுடுவார்கள். மெல்லிய கிளையில் இருந்தால் விட்டுவிடுவார்கள். ஒரு காலையில் பத்து அணில் பார்த்து இரண்டைத்தான் சுடுவோம். மீதி எட்டும் வேடிக்கைதான்.

எந்தத் துப்பாக்கி

லைசென்ஸ் வந்து, வழக்கறிஞர் "சரி" என்ற பிறகு, முதல் துப்பாக்கியாக 20 கேஜ் ஷாட்கன் வாங்குங்கள் என்பேன் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் சிறியதானால் குழல் பெரிது). 6-ஆம் எண் ஈய ரவை போட்டது, ஒரு அவுன்ஸில் 225 ரவை இருக்கும். 30 கஜத்தில் அணிலுக்குப் போதும், 35-க்கு மேல் முயலக் கூடாது. தவறினாலும் அந்த ரவை 250 கஜத்துக்குள் வேகம் செத்து விழுந்துவிடும். உங்கள் 400 கஜக் கொட்டகை தப்பித்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இலை அடர்ந்திருக்கும்போது, ஓடுகிற அணிலுக்கும் இதுதான் பொருத்தம். குறை என்னவென்றால் கறியில் ரவை நிற்கும். சமைக்கும் முன் ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பாருங்கள். ரோமம் உள்ளே இழுத்துக்கொண்டு போன இடத்தில் ரவை இருக்கும். பல் உடைவதைக் காட்டிலும் ஈயம் வயிற்றுக்குள் போகாமல் பார்ப்பது முக்கியம்.

".410 சின்னது, பழகுபவருக்கு ஏற்றது" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். .410 என்பது 20 கேஜைவிடக் குறுகிய குழல் கொண்ட ஷாட்கன். சுடும்போது தோளில் விழும் உதை குறைவு, உண்மை. ஆனால் அரை அவுன்ஸ் ரவைதான் போகும், கூட்டம் மெலிந்துவிடும், காயத்தோடு அணில் தப்பும். அது கைதேர்ந்தவர் துப்பாக்கி. 12 கேஜ் அணிலுக்கு அதிகம், ஆனால் வீட்டில் இருந்தால் கெடுதலில்லை. .17 ஹெச்எம்ஆர் என்ற ரைஃபிள் தோட்டா வேகத்துக்குப் பெயர் போனது, தலையில் படாவிட்டால் கறியே மிஞ்சாது. .22 ரைஃபிள் இரண்டாம் வருடத்துக்கு. இலை உதிர்ந்த பிறகு, மரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, எலுமிச்சம்பழம் அளவுத் தலையைக் குறிபார்த்துச் சுடும் பொறுமை வந்த பிறகு.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நீங்கள் யோசிக்கவில்லை. ஃபெடரல் சட்டத்தில் துப்பாக்கி என்றால் வெடிமருந்தால் தோட்டாவைத் தள்ளுவது. காற்றழுத்தத்தால் சுடும் ஏர் கன் அந்த வரையறைக்குள் வராது. பென்சில்வேனியாவிலும் சிறு விலங்கு வேட்டைக்கு .177 முதல் .22 வரையிலான ஏர் கன்னுக்கு அனுமதி உண்டு. வேட்டைக்கு லைசென்ஸ் அதற்கும் வேண்டும். ஆனால் வேட்டைக்காலம் முடிந்த பிறகும் வீட்டில் வைத்திருக்க, காலாவதி தேதியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நல்ல .22 ஏர் ரைஃபிளால் 25 கஜத்தில் அணிலை எடுக்கலாம். கிரீன் கார்டு கைக்கு வரும் வரை நீங்கள் இதோடு நிறுத்திக்கொண்டால், உங்கள் வழக்கறிஞரும் நிம்மதியாகத் தூங்குவார். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இதற்கும் அதேதான்.

உடை பற்றி ஒரு வரி. சாம்பல் ஜாக்கெட்டோடு போனதாக எழுதியிருந்தீர்கள். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு வேண்டும் என்பது அங்குள்ள விதி, தொப்பி மட்டும் போதாது. உங்கள் நண்பர் உங்களுக்குச் சொல்லித் தராமல் விட்டதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்புக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். ஸ்கோப் வழியாகப் பார்ப்பவருக்கு அணில் மட்டும்தான் பெரிதாகத் தெரியும், பின்னால் இருக்கும் கொட்டகை வட்டத்துக்கு வெளியே போய்விடும். அதோடு, ஸ்கோப்பால் எதைப் பார்த்தாலும் குழலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, பைனாகுலரால் முதலில் கிளையை, பிறகு கிளைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் என்று மூன்று முறை பாருங்கள். அதற்குள் அணில் ஓடிவிட்டால் ஓடட்டும். ஒரு நாளைக்கு ஆறு அணில்தான் வரம்பு, அதையும் நிரப்பி நான் இதுவரை வீடு வந்ததில்லை.